பிறையும் மூன்று புள்ளியும்

"ஹலோ... ஹலோ... ஓம், கொழும்பு வீதிக் கடதான்... சத்தமாப் பேசுங்க, லைன் எரையிது... ஆரு?... பொன்னுத்துரை ஐயாவா? ஹந்தானைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஐயா! சொல்லுங்க ஐயா, சொல்லுங்க, என்ன வேணும்?... ஆரு?... பஹ்மியா?"

நஸீமின் முகத்தில் மலர்ந்த சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அந்த இரத்தினக்கல் கடை வரிசையில் டெலிபோன் இருந்தது நஸீமிடம் மட்டும்தான். கல்காரர் நாலு பேர் பார்த்து வாய் பிளக்கட்டும் என்று சுவரில் மாட்டிய பெட்டி அது. மணி அடித்தால் என்ன, பாதி நாள் கேட்பது எதிர்க்கடைப் பஹ்மியை! பஹ்மி அந்நியனுமல்ல, நஸீமின் மனைவி ரபீகாவின் கூடப்பிறந்த தம்பி. நஸீமின் நம்பரையே ஊரெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறான், மச்சான்ட டெலிபோன் நம்முடையதுதானே என்று. இதோ, வாசலுக்கு நேரே, கண்ணுக்கெட்டின தூரத்தில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கிறான்.

"பஹ்மி... இல்ல ஐயா. கடையப் பூட்டிட்டு எங்கேயோ போயீக்கிறார்... எப்ப வருவாரா? அத அல்லாஹ்தான் அறிவான். அவருக்கு நேரம் காலம் ஒண்டும் இல்லயே... என்ன விசயமெண்டு எனக்கிட்டச் சொல்லுங்களேன். நானும் கல்லு யாவாரிதான்... ஓம்... ஓம்... கல்லு வாங்கினீங்களா? அவருக்கிட்டயா? எப்ப?... நேத்தா? தோட்டத்துக்கே கொண்டுவந்து காட்டினாரா?"

நஸீம் இதே மனிதருக்காக மூன்று தரம் ஹந்தானை மலை ஏறியவன். கல்லுப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கப் போனால், ஐயா வேலையாக இருக்கிறார் என்று தோட்டத்துக் கந்தோர் வாசலோடேயே அனுப்பிவிட்டார்கள். பஹ்மி போனால் கதிரை போட்டுத் தேத்தண்ணியும் கொடுக்கிறார்களாக்கும்! அப்படி என்னதான் இருக்கிறது அவன் முகத்தில்?

"மகளுட கலியாணத்துக்கா? ஞானேஸ்வரிப் புள்ளைக்கு... மாஷா அல்லாஹ், நல்லது நல்லது. அட்டியல் செய்யவா?... நீலமா? பட்டை வெட்டின கல்லா?... இல்ல? மேல வழுவழுண்டு குமிழா உருட்டினதா? ஓ ஓ, விளங்குது... சொல்லுங்க... ராவு விளக்குக்குப் புடிச்சா?... என்ன ஐயா, திருப்பிச் சொல்லுங்க... ஊதாவா? நாவப்பழ நிறமாவா?... காலையில பார்த்தா திரும்பவும் நீலமா?"

நஸீம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். பகலில் நீலம், விளக்கில் ஊதா! ஆயிரம் கல்லில் ஒன்று அப்படி வாய்த்தாலே பெரிய காரியம். ஒரு கழுத்து அட்டியலுக்குப் போதுமான அளவு, ஒன்றுக்கொன்று சோடியாக! பதினெட்டு வயதிலிருந்து கல்லோடு கிடக்கிற நஸீமுக்குக் கிடைக்காத பாக்கியம், நேற்றுக் கடை திறந்த பயலுக்குக் கிடைத்திருக்கிறது. இதற்குப் பெயர் பொறாமையா? பொறாமைதான். அதை மறைக்க அவனுக்குத் தெம்பும் இல்லை. ஆனால் வாய் வேறு கதை சொன்னது.

"ஐயோ ஐயா... சொல்லாமலும் இரிக்கேலாது, சொன்னா அவருக்குக் கோபம் வரும்... இல்ல, வேணாம் விடுங்க... கேக்குறீங்களே எண்டு சொல்றன். நல்ல நீலமெண்டா ராவும் நீலம், பகலும் நீலம். நிறம் மாறுறது கண்ணாடி ஐயா, சாயம் போட்ட கண்ணாடி... ஓம் ஓம், நிச்சயமா... பாக்காமலே எப்பிடித் தெரியுமா? இருவது வருசம் இதுலதானே ஐயா கெடக்குறன்! வாசத்திலயே சொல்லுவன்... புள்ள ஆசப்பட்டுட்டாவா? பாவம்... அப்பிடியான கல்ல ஒரு கலியாணப் புள்ளைக்கு விக்கிறவன் கள்ளன் ஐயா. ஆரா இருந்தாலும் கள்ளன்தான். என்ட சொந்தக்காரனா இருந்தாலும் அதத்தான் சொல்லுவன்."

சொல்லி முடித்ததும் நெஞ்சு கொஞ்சம் குளிர்ந்தது. எதிர்க்கடையில் பஹ்மி கோப்பையை வைத்துவிட்டு யாரையோ பார்த்துக் கை காட்டிச் சிரித்தான். சிரி, சிரி, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று நினைத்துக்கொண்டான் நஸீம்.

"திருப்பிக் குடுக்கப் போறீங்களா? செய்யுங்க, அதுதான் சரி... எனக்கிட்டயா? இரிக்கிது ஐயா, ஏன் இல்ல! குமிழ் நீலமே இரிக்கிது. நல்ல கருநீலம், நிறம் கிறம் மாறாது. ஒம்பது மாசமா லாச்சியில வெச்சிப் பார்த்துக்கிட்டே இருந்த கல்லு... இப்ப கையில இல்ல, போன மாசம் மாமாக்கிட்டக் குடுத்தீக்கி, கலகெதரயில ஆருக்காவது காட்டச் சொல்லி. இண்டைக்கே ஆள் அனுப்பி எடுக்குறன்... ஓம் ஐயா, அது காலை வெளிச்சத்தில நல்லாப் பார்த்து எடுத்தது."

அது உண்மைதான். கல்லைக் காலை வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும், விளக்கில் எந்தக் கல்லும் ஏமாற்றும் என்று தொழில் பழகும்போதே நஸீமுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். மாலை மஃரிபுத் தொழுகைக்கு முந்தி மேசை லாச்சியைப் பூட்டினால் அடுத்த நாள் சூரியன் வந்த பிறகுதான் திறப்பான். அந்தச் சட்டத்தை ஒருநாளும் அவன் மீறியதில்லை.

ஒரு விசயம் மட்டும் அவனை அரித்தது. இந்தக் கல் பஹ்மிக்கு எங்கிருந்து வந்தது? கல்காரருக்குள் ஒரு வழக்கம். விற்றுக் கொடுக்கச் சொல்லி ஒருவர் கல்லை இன்னொருவரிடம் நம்பிக் கொடுப்பார், அவர் வேறொருவரிடம் கொடுப்பார். கல் எத்தனை கை மாறினாலும் சுற்றிய கடதாசி மாறாது. கல்லுக்கு உரியவனின் அடையாளம் மடிப்புக்கு உள்ளே இருக்கும். ஆள் யாரென்று தெரிந்தால், மிச்சக் கல்லையாவது பஹ்மிக்கு முந்திப் போய் அள்ளிவிடலாமே!

"ஐயா, ஒரு சின்ன உதவி. கல்லு சுத்தியிருந்த கடதாசி கையில இரிக்கா?... நல்லதாப் போச்சு. அத முழுசா விரிங்க... உள்ளுக்கு, மடிப்புக் கிட்ட, பென்சிலால ஏதாவது கீறியிருக்கும்... ஏனா? ஒங்கட நன்மைக்குத்தான் ஐயா, அந்தக் கள்ளன் ஆரெண்டு பார்ப்பமே... இரிக்கா?... என்ன மாதிரி?... பிறையா?"

நஸீம் டெலிபோன் குழலுக்கு வாயை இன்னும் கிட்டக் கொண்டுபோனான்.

"பிறை மட்டுமா ஐயா?... கீழ புள்ளியா... எத்தினை?... நல்லாப் பாருங்க, கண்ணாடியப் போட்டுப் பாருங்க... மூணுதானா?... நீலப் பென்சிலா... கல்லு எத்தினை ஐயா?... பதினொண்ணா?... ஒண்டுல அடிப்பக்கம் சின்னதா உடைஞ்சிருக்கா?... ஓ... ஓம்... இரிக்கும்... இரிக்கும் ஐயா."

பிறையும் மூன்று புள்ளியும். கடை திறந்த அன்று அவனே யோசித்துப் போட்ட அடையாளம். பதினொரு கல்லும் அவனுடையவை. ஒன்பது மாதம் லாச்சிக்குள் கிடந்தபோது ஒரே ஒரு தரம், ஒரே ஒரு குப்பி விளக்கின் கிட்டே பிடித்துப் பார்த்திருந்தால் போதும். மாமா, ரபீகாவின் வாப்பா, அதைக் கலகெதரயில் வைத்துக்கொண்டிருக்கவில்லை, சொந்த மகனின் கையில் கொடுத்திருக்கிறார். இனி யாரை நோக?

"ஐயா... ஐயா, ஒரு நிமிசம். நான் முந்திச் சொன்னது... கண்ணாடியெண்டு... அது பொதுவாச் சொன்னது ஐயா. இந்தக் கல்லு அப்பிடியில்ல. இது நல்ல கல்லு. எங்க தேடினாலும் கிடைக்காத கல்லு... இல்ல, இல்ல, நான் மாத்திப் பேசல்ல... கோபப்படாதீங்க... என்ன?... பஹ்மி சொன்னாரா? என்ன சொன்னார்?"

அந்தப் பக்கம் நெடுநேரம் பேச்சு நடந்தது. நஸீம் சுவரைப் பார்த்தபடி நின்றான்.

"தன்ட கல்லு இல்லயெண்டு சொன்னாரா... மச்சானுட கல்லெண்டு... கண்டியில அவரப்போல கல்லு தெரிஞ்சவர் இல்லயெண்டா?... அட்டியலையும் மச்சான்தான் செய்யணுமெண்டு... அவருக்கிட்டத்தான் குடுக்கணுமெண்டு கையப் புடிச்சுக் கேட்டாரா?... பஹ்மியா?... ஓம் ஐயா, கேக்குது... என்ட பேரா?... பேர் எதுக்கு ஐயா இப்ப?... இல்ல, மறைக்கல்ல... ஐயா, அது... நஸீம்... ஓம். நஸீம்தான்... அந்த மச்சான்தான் ஐயா."

பொன்னுத்துரை பேசத் தொடங்கினார், மெதுவாக. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"ஓம்... நான்தான் சொன்னன், கள்ளனெண்டு... சொந்தக்காரனா இருந்தாலும் எண்டும் சொன்னன்... ஐயா, வேணாம் ஐயா. கல்லு திருப்பி வந்தாலும் பரவாயில்ல, பஹ்மிக்கிட்ட மட்டும் இத... பகலைக்கு இறங்கி வாறீங்களா? இண்டைக்கேயா?... ரெண்டு பேரையும் வெச்சுக் கேக்கப் போறீங்களா?... ஐயா, எங்கட ஊட்டுப் பொம்புளை அவருட கூடப்பிறந்த... ஐயா! ஹலோ! ஹலோ!"

லைன் அறுந்துவிட்டது.

வீதியைக் கடந்து பஹ்மி வந்துகொண்டிருந்தான். அந்த நடையிலேயே தெரிந்தது, நல்ல செய்தி கொண்டுவருகிறான். ஒரு வார்த்தை சொல்லாமல் இரவெல்லாம் வைத்திருந்து, மச்சானின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்த சந்தோசம் அது. வாசற்படியில் அவன் காலடி விழுந்ததும் நஸீம் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி, லைன் அறுந்த குழலைக் காதோடு அழுத்திக்கொண்டான். அதைப் பார்த்த பஹ்மி, மச்சான் முக்கியமான ஆளோடு பேசுகிறார் போல என்று சத்தமில்லாமல் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, பேச்சு முடியட்டும் என்று உட்கார்ந்துகொண்டான்.

"ஓம் ஐயா... ஓம் ஓம்... நல்ல கல்லு ஐயா... கொண்டுவந்தவரும் நல்ல புள்ளதான்... தங்கமான புள்ள... ஓம்... சொல்லுங்க ஐயா, கேட்டுக்கிட்டுத்தான் இரிக்கிறன்... சொல்லுங்க..."