வெள்ளைச் சொட்டு மருந்து

கண்ணில் சொட்டு விடுவதற்குப் பழகிய கை வேண்டும் அம்மா. எல்லோரும் விடுகிறேன் என்று கன்னத்தில்தான் விடுவார்கள். நான் முப்பது வருஷம் தையல் கம்பெனியில் காஜா எடுத்துப் பட்டன் தைத்தவள். கை ஆடாது. கீழ் இமையை லேசாக இழுத்து, மேலே பார் என்று சொல்லி, ஒரே ஒரு சொட்டு. துடைக்கப் பஞ்சுகூட வேண்டியிருக்காது. நீங்கள் எழுதும்போது இதையும் எழுதிக்கொண்டால் நல்லது.

என் தம்பி அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவன் மனைவி போய்ச் சேர்ந்து, மகளும் கல்யாணமாகி வேறு ஊர் போன பிறகு நாங்கள் இருவர்தான். அப்புறம் அவனுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. ஆபரேஷனுக்குப் பயந்து மூன்று வருஷம் தள்ளிப்போட்டான். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, என் வாழ்க்கையில் நன்றாக இருந்த மூன்று வருஷம் அதுதான். கம்பெனி வேலை நின்றுபோனது. ரோட்டைத் தாண்ட என் கை வேண்டும். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நிற்பான். ஒரு நாளைக்கு நூறு தடவை அக்கா, அக்கா. எனக்குச் சலித்ததே இல்லை.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. கட்டைப் பிரித்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தான். “அக்கா, என்ன இப்படி நரைச்சுப் போயிட்ட?” நானும் சிரித்தேன். மறு வாரமே போனில் மகளிடம், “கண்ணு பளிச்சுனு தெரியுதும்மா. சொட்டு முடிஞ்சதும் கிளம்பி வந்துடறேன். மாப்பிள்ளை கடையில நானே கட்டிங் பாத்துக்கறேன்” என்றான். பக்கத்து அறையில்தான் இருந்தேன். நீயும் வா என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம். வயிறு எரிந்தது. அதை மறைக்கவில்லை.

டாக்டர் கொடுத்திருந்தது ஸ்டீராய்டு சொட்டு. பால் மாதிரி இருக்கும், குலுக்கி விட வேண்டும். முதல் வாரம் ஆறு வேளை, பிறகு வாரத்துக்கு ஒரு வேளை வீதம் குறைத்துக்கொண்டே வந்து, ஆறாவது வாரத்தோடு நிறுத்திவிட வேண்டும். ஒரு மாதம் கழித்துச் சோதனைக்குப் போனோம். சோதித்து முடிந்ததும் அவன் கண் கூசுகிறது என்று வெளியே போய்க் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நான் மட்டும் உள்ளே இருந்தேன்.

“இவருக்கு இந்த மருந்து ஒத்துக்கலம்மா. ரெண்டு கண்ணுலயும் பிரஷர் ஏறியிருக்கு. இன்னையோட நிறுத்திடுங்க. வேற சொட்டு எழுதியிருக்கேன், ரெண்டு வாரத்துல வந்து காட்டுங்க. அசட்டையா விட்டா நரம்பு செத்துடும். வலியே இருக்காது, ஓரத்துலேர்ந்து பார்வை போகும். போனது திரும்பாது” என்றார் டாக்டர். பொறுமையானவர். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

வலிக்காது என்று சொன்னாரே, அது மனதில் நின்றது. வலிக்கும் என்றால் செய்திருக்க மாட்டேன். தம்பி வலி தாங்க மாட்டான்.

“என்னக்கா சொன்னாரு?” என்று கேட்டான். “நல்லா ஆறிட்டு வருதாம். இதே மருந்தை நிறுத்தாம விடணுமாம்” என்றேன். புதுச் சீட்டைக் கிழித்தேன். பழைய சீட்டைக் காட்டி வேறு வேறு கடைகளில் வாங்கினேன். ஒரு கடைக்காரர் மட்டும், “இன்னுமா இது?” என்றார். “டாக்டர்தான் சொன்னாரு” என்றேன். மறுபடி ஆறு வேளை ஆக்கினேன். பத்து மாதம், ஒரு வேளை தவறவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது, மகள் ஊருக்குப் போய்விட்டான், அங்கேயே காட்டிக்கொள்கிறான் என்று சொல்லிவிட்டேன்.

முழுக்கப் போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. முன்பு போலக் கொஞ்சம் மங்கினால் போதும் என்றுதான் இருந்தேன்.

முதலில் கதவில் தோளை இடித்துக்கொண்டான். பிறகு பக்கத்தில் வைத்த தம்ளரைத் தட்டிவிட்டான். ஆபரேஷனுக்கு அப்புறம் மறுபடி வேலைக்குப் போன கம்பெனியில் ஒரு நாள் துணியைக் கோடு தாண்டி வெட்டிவிட்டு வந்து, கட்டிலில் உட்கார்ந்து அழுதான். “குழாய்க்குள்ளேர்ந்து பாக்கற மாதிரி இருக்குக்கா. பயமா இருக்கு.” தலையைத் தடவிக் கொடுத்தேன். “புது லென்ஸ்டா. பழக நாளாகும். நான் டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான் வந்தேன்.” அண்ணாந்து காட்டினான். விட்டேன். ஊருக்குப் போகும் பேச்சை அதற்கப்புறம் அவன் எடுக்கவில்லை.

மகள் வந்து பார்த்து அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனபோது டாக்டருக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் தெரிகிறது. அதுவும் நிற்காதாம். காலிக் குப்பிகளை என் பட்டன் டப்பாவில் கண்டுபிடித்தவளும் அவள்தான். எல்லாவற்றையும் அவனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் நம்பவில்லை. “எங்க அக்காவா? போடி, டாக்டர்தான் மாத்திச் சொல்றாரு” என்றானாம்.

தெரிந்துதான் செய்தேன். ஆறு வேளையும், ஒவ்வொரு நாளும், தெரிந்துதான் செய்தேன். கொடுங்கள் இன்ஸ்பெக்டர் அம்மா, வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன். சத்தமாக மட்டும் படிக்க வேண்டாம். வெளியே பெஞ்சில் மகள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், காதில் விழுந்தால் உடைந்துபோவான். பாவம், அவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.