உடையாத தகடு

"ஹலோ... ஹலோ, தார்மோ? நான்தான்டா, வெய்யோ... ஆமா ஆமா, கேக்குது... இல்ல, நீ விக்கப் பாத்த அந்தப் பழைய ராணுவ ஹெல்மெட் விஷயம் இல்ல. அதை நீயே மாட்டிக்கிட்டு சுத்து... சிரிக்காதடா. சிரிக்கிற நிலைமையில நான் இல்ல."

வெய்யோ குரலைத் தாழ்த்திக்கொண்டு நடைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினான். அந்தப் பக்கம் சமையலறையில் எண்பத்தொன்பது வயது ஹில்யா அவனுக்காகக் காபி போட்டுக்கொண்டிருந்தாள்.

"லாத்தி ஊர்ல, பழைய ராணுவச் சாமான் சந்தையில உன்கிட்ட ஒரு அடையாளத் தகடு வாங்கினேன்ல, சிப்பாய் கழுத்துல தொங்கினது... அதேதான், உடையாத தகடு. நம்பரை வச்சு ஆளைக் கண்டுபிடிச்சிட்டேன். அர்மாஸ்னு பேரு, இருபது வயசுப் பையன். நாப்பத்தி நாலு யுத்தத்துல, இப்ப எல்லைக்கு அந்தப் பக்கம் போயிட்ட இஹந்தாலாவுல நடந்த சண்டையில காணாமப் போனவன்... வாழ்த்தெல்லாம் வேண்டாம், கேளு. அவன் தங்கச்சி வீட்லதான் நிக்கிறேன்... ஆமாடா, உசிரோட இருக்காங்க. சந்தோஷப்படுவாங்கன்னு பூங்கொத்து வேற வாங்கிட்டு வந்தேன், மடையன். தகட்டைத் தடவித் தடவிப் பாத்தாங்க. அப்புறம் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. எங்க கிடந்ததுன்னு... காட்டுலன்னு சொன்னா ஆச்சா? எந்த எடம்?... யார்கிட்டயோ வாங்கினேன்னு கதை விடாத. நானே தோண்டினேன்னு பீர் குடிச்சிட்டு நீதான் பெருமை அடிச்சே."

இறந்தவனின் தகட்டை அவனோடு இருந்தவர்கள் பாதியாக உடைப்பார்கள். ஒரு பாதி ஊருக்கு, மறுபாதி உடலோடு. மண்ணுக்குள் முழுசாக ஒரு தகடு கிடைத்தால், அந்தச் சிப்பாயை யாருமே கண்டெடுக்கவில்லை என்று பொருள். சேகரிக்கிறவர்களுக்கு அதனாலேயே அதன்மேல் தனிப் பைத்தியம். வெய்யோவும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். அது எதன்மேல் கிடந்தது என்று இன்று காலைவரை அவன் யோசித்ததே இல்லை.

"தோண்டும்போது வேற என்ன இருந்தது?... பூட்ஸ். சரி. பூட்ஸுக்குள்ள?... தார்மோ, பூட்ஸுக்குள்ள என்னடா இருந்தது?... ஐயோ... ஐயோ, பாவி. எலும்பை விட்டுட்டுத் தகட்டை மட்டும் கழட்டிட்டு வந்தியா? இனி யாராவது தோண்டினாலும் அது யாருன்னு எப்படிடா தெரியும்? அவன் பேரையே கழட்டிட்டியே!... கத்தலை. கத்தலைடா... தெரியுது, வாங்கினவன் நான்தான். எனக்கும் பங்கு உண்டு. இப்ப எடத்தைச் சொல்லு."

சமையலறையில் கோப்பைச் சத்தம் நின்றுவிட்டது.

"ம்... மழை... சரி... எல்லை தாண்டித் திரும்பணும்னு டூர் பஸ்காரன் ஹாரன் அடிச்சிட்டே இருந்தான்... சரி சரி, பாசியை இழுத்து மூடிட்டே. ரோட்டுக்கு எந்தப் பக்கம்?... எல்லாம் ஒரே மாதிரி காடுன்னா? யோசிடா. நல்லா யோசி... போலீஸா? போலீஸ் எதுக்கு வருது! இவங்க ஊர்ல செத்த சிப்பாய் அத்தனை பேரும் தேவாலயக் கல்லறைத் தோட்டத்துல வரிசையாப் படுத்திருக்காங்க. இவன் மட்டும் கல்லுல வெறும் பேரா நிக்கிறான். இவங்க அம்மா சாகுற வரைக்கும் அவனுக்குன்னு அங்க ஒரு எடம் விட்டு வச்சிருந்தாங்களாம். இவங்க கேக்கறது ஒரு எடம்டா... இரு, வர்றாங்க. உள்ளருந்து சொல்றாங்க, உன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசணுமாம்... திட்ட மாட்டாங்க... வைக்காத. தார்மோ, வைக்காதடா... தார்மோ!"

தார்மோ வைத்துவிட்டான். ஹில்யா கதவைத் திறந்துகொண்டு அவன் முன்னால் நின்றாள். ஃபோனைக் காதிலிருந்து எடுக்க வெய்யோவுக்குத் துணிச்சல் வரவில்லை.

"ஆமா... சொல்லு, சொல்லு," என்றான், யாருமில்லாத ஃபோனிடம். "ம்... மேட்டு மேல... பிர்ச் மரத்தடியில... ஆமா, அங்கருந்து ஏரி தெரியும்... நல்லா மூடி, குச்சியில ஒரு சிலுவை நட்டுட்டுத்தான் வந்தே... சரி. சொல்லிடறேன்."

ஹில்யா கையை நீட்டினாள். கொடுக்காமல் எப்படி இருப்பது? கொடுத்தான். அவள் அதைக் காதில் வைத்துக் கேட்டாள். கிழவிக்குக் காது நன்றாகவே கேட்கும். ஃபோனில் ஒரு சத்தமும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வெய்யோவை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஹலோ... நான் அர்மாஸோட தங்கச்சிப்பா," என்றாள் நிதானமாக. "ஆமா... ஆமா, இவரு சொன்னாரு. ஏரி தெரியுற எடம்னா நல்லதுதான். அண்ணனுக்குப் பிடிக்கும்... நான் திட்டலப்பா, அழாத. இத்தனை வருஷத்துல எங்கண்ணனைத் தொட்டவன் நீ ஒருத்தன்தான். எங்க அம்மாவுக்குக்கூட அந்தக் குடுப்பினை இல்ல."

 பிறகு ஃபோனை அவனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"வச்சிட்டாருப்பா," என்றாள்.

வெய்யோ அந்த நடையிலேயே நின்று அழுதான்.