மூன்று நாள் உறங்கிய பெட்டியும் எங்கள் அக்காவின் அச்சமும்

வீட்டுவசதி அலுவலகத்தின் வாடகை உதவிப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி, இன்று பிற்பகலுடன் ஓய்வு பெறும் எங்கள் கண்காணிப்பாளர் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் அனைவரும் எழுந்து நின்று வாசித்தளிக்கும் மடல்

பூட்டைப் பூட்டியபின் பூட்டினோமா என்று மும்முறை இழுத்துப் பார்க்கும் பொறுப்பின் பிறப்பிடமே! மின்விசிறி கழன்று விழுமென்று மூலையில் மேசை போட்டு, வியர்வையிலேயே வேலை பார்த்த முன்யோசனையின் முகவரியே! கோப்பில் ஓர் எண் பிசகினாலும் உண்ணாமல் உறங்காமல் உழன்று, விடிந்ததும் முதல் ஆளாய் வந்து திருத்தும் விழிப்பின் விளக்கே! அச்சமே அணியாய், ஐயமே ஆயுதமாய், நடுக்கமே நடையாய் எங்களை நடத்திச் சென்ற அன்பு அக்கா அவர்களே! வணக்கம்.

ஓய்வு பெறுவோரை "அஞ்சா நெஞ்சரே" என்று விளிப்பது இந்த அலுவலகத்தின் நெடுநாள் பழக்கம். சென்ற ஆண்டு விடைபெற்ற கணக்கரையும் அப்படித்தான் விளித்தோம். அவர் பல்லியைக் கண்டு நாற்காலிமேல் ஏறி, பல்லி போனபின்பும் உணவு இடைவேளை வரை இறங்காதவர். தங்களுக்கும் அவ்வாறே தொடங்கினோம். தட்டச்சர் முதல் வரியோடு கையை எடுத்துக்கொண்டு, "இதைச் சபையில வாசிச்சா அக்காவே சிரிச்சிடுவாங்க" என்றார். ஆகவே உள்ளதையே எழுதியிருக்கிறோம். கூட்டிச் சொன்ன இடங்களைத் தட்டச்சர் நீக்கிவிட்டார், எஞ்சியது நடந்தது.

அந்தத் தொற்றுக் காலத்தை மறந்தவர் இங்கே யாருமில்லை. நினைக்க விரும்புகிறவரும் இல்லை. தெருமுனையில் ஒருவர் தும்மினால் நான்கு தெருக்களின் சன்னல்கள் ஒன்றாய்ச் சாத்திக்கொண்ட காலம். நம் மேலாளர் தொலைபேசியில் பேசும்போதும் முகக்கவசம் அணிந்தார்; எதிர்முனையில் இருமல் கேட்டால் கருவிமேல் மருந்து தெளித்தார். அந்த ஆண்டில் மூன்று தொலைபேசிகள் நனைந்தே மாண்டன. மனிதரில் மாண்டோரை இங்கே எண்ணப் போவதில்லை. இரண்டாம் வரிசையில் ஒரு நாற்காலி இன்றும் காலியாகக் கிடக்கிறது. அதில் பை வைக்கக்கூட யாருக்கும் கை வருவதில்லை.

வேலை போனது, வருமானம் போனது, வாடகை நாள் மட்டும் மாதம் தவறாமல் வந்தது. எல்லோரும் வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று ஒலிபெருக்கி வண்டி ஒரு தெருவில் சொல்லிக்கொண்டு போக, அடுத்த தெருவில் வீட்டுக்குள் இருந்தவர்களை நீதிமன்ற அமீனா தட்டுமுட்டுச் சாமான்களோடு வெளியே இறக்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவசர வாடகை உதவித் திட்டம் வந்தது. அதன் உயிர் ஒரே ஒரு விதியில் இருந்தது. வெளியேற்றும் நாளுக்கு ஒரு நாள் முன்பாவது விண்ணப்பத்தில் நம் அலுவலகத்தின் 'பெறப்பட்டது' முத்திரை விழுந்திருந்தால், அந்தக் குடும்பத்தை யாரும் தொட முடியாது. நாள் தவறினால் தொடலாம். அந்த முத்திரை தங்கள் கையில் இருந்தது.

அந்தக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. காகிதத்தில் கிருமி மூன்று நாள் உயிரோடு இருக்கும் என்று யாரோ சொன்னதைத் தாங்கள் நம்பினீர்கள். நாங்கள் அதைவிட அதிகமாக நம்பினோம். வாசலில் ஒரு தகரப் பெட்டி வைத்தீர்கள். மனுதாரர் தம் உறையை அதில் போட்டுவிட்டுப் போவார். மாலையில் தாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பாம்பு பிடிப்பவர் போல நீண்ட இடுக்கியைப் பிடித்து, அன்றைய செய்தித்தாளை அன்றைய உறைகளின்மேல் பரப்புவீர்கள். மறுநாள் உறைகள் அதன்மேல் விழும். மூன்று தாள்கள் அடுக்கானபின், நான்காம் நாள் பிற்பகல், அடிக்கதவைத் திறந்து கீழடுக்கை எடுப்போம். முத்திரை அதற்குப் பிறகுதான். நேர்த்தியான ஏற்பாடு! மற்றப் பிரிவினர் வந்து அளவெடுத்துக்கொண்டு போனார்கள். பெட்டியைக் கடக்கும்போது, உள்ளே நோயாளி உறங்குவதுபோல் நாங்கள் குரலைத் தாழ்த்திப் பேசினோம். உறைகள் உறங்கும் அந்த மூன்று நாளில் ஊரில் அமீனா உறங்கவில்லை என்பது மட்டும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அது ஒரு வியாழக்கிழமை. காலை ஒன்பதே முக்காலுக்கு, நனையாமல் எஞ்சியிருந்த தொலைபேசி அடித்தது. பள்ளிச் சீருடை தைத்துப் பிழைத்த ஒரு தையல்காரம்மா பேசினார். பள்ளிகள் மூடிய நாளிலிருந்து அவர் இயந்திரம் ஓடவில்லை.

"அம்மா, பதினோரு மணிக்கு அமீனா வராராம். கேட்டா, எங்க பேரு உதவிப் பட்டியல்ல இல்லைங்கறாங்க. நான் திங்கக்கிழமையே உங்க வாசல் பெட்டியில போட்டேன்மா. அப்பாவுக்கு நாலு நாளாக் காய்ச்சல். காய்ச்சல்காரரை வச்சுக்கிட்டு நான் எந்த வாசல்ல போய் நிப்பேன்? யாரு கதவைத் திறப்பா?"

பெட்டியைப் பார்த்தீர்கள். நாங்களும் பார்த்தோம். எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கணக்குப் புரிந்தது. அந்த அம்மாவைத் தெருவில் நிறுத்தப் போவது, அளவெடுத்துச் செய்த நம் பெட்டி.

கையுறை முந்தின நாளே தீர்ந்திருந்தது. இடுக்கியால் தாள் நகர்ந்ததே தவிர உறை சிக்கவில்லை. அப்போது, கதவுக் குமிழைத் துணி சுற்றித் திறக்கும் தாங்கள், கண்ணை இறுக மூடிக்கொண்டு வெறுங்கையை முழங்கை வரை பெட்டிக்குள் விட்டீர்கள்! புதன்கிழமைத் தாள் வந்தது; செவ்வாய் வந்தது; திங்கள் வந்தது. திங்கள் தாளுக்குக் கீழே நீல நூலால் விளிம்பு தைத்த ஓர் உறை இருந்தது. ஒட்டப் பசை வாங்க வழியில்லாமல் தைத்திருந்தார்.

முத்திரையில் அன்று வியாழனின் தேதி நின்றது. அந்தத் தேதியால் பயனில்லை. தட்டச்சர் தங்கள் காதருகே வந்து (அந்தக் காலத்தில் காதருகே வருவதே பெருங்குற்றம்) மெதுவாகச் சொன்னார்: "அக்கா, தேதிச் சக்கரத்தை மூணு பல்லு பின்னால திருப்புங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமேப்பா. எனக்குப் பயமா இருக்கு."

"வேற என்னதான் பண்ணுவீங்க?"

"உண்மையை எழுதறதுக்கும் பயமாத்தான் இருக்கு. ரெண்டுல எது கொஞ்சம் கம்மியோ அதைப் பண்றேன்."

வியாழன் தேதியையே குத்தினீர்கள். அதன் கீழே தங்கள் கையால் எழுதியதை இங்கே படிக்கிறோம்: "இவ்விண்ணப்பம் திங்கட்கிழமை இவ்வலுவலகப் பெட்டியில் இடப்பட்டது. தொற்றுக்கு நான் அஞ்சியதால் முத்திரையின்றி மூன்று நாள் கிடந்தது. தாமதம் விண்ணப்பதாரருடையது அன்று, என்னுடையது." கையெழுத்தும் பதவியும் இட்டீர்கள். எழுத்து நடுங்கியிருந்தது, ஒரு சொல்லும் மாறவில்லை. அந்த உறையையும் திங்கட்கிழமைச் செய்தித்தாளையும் எடுத்துக்கொண்டு அலுவலக வண்டியில் ஏறியபோது மணி பத்து முப்பத்தைந்து.

தையல்காரம்மாவின் வீடு மூன்றாம் மாடி. ஐம்பத்து நான்கு படிகள். கைப்பிடியைத் தொடக்கூடாது, சுவரில் சாயக்கூடாது, மூச்சை ஆழ இழுக்கக்கூடாது. வாசலில் இழுத்த மூச்சை மூன்றாம் மாடியில்தான் விட்டீர்கள் என்று உடன் வந்த ஓட்டுநர் சொல்கிறார். தட்டச்சர் இந்த வரியை நீக்கப் பார்த்தார். ஓட்டுநர் சத்தியம் செய்ததால் விட்டுவைத்தோம். மாடிக்கு மாடி மூடிய கதவுகள். ஒவ்வொரு கதவின் பின்னாலும் யாரோ மூச்சடக்கி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் திறக்கவில்லை. அடுத்த முறை அமீனா எந்தக் கதவைத் தட்டுவாரோ என்று அவரவர்க்கு அவரவர் கதவின் கவலை.

மேலே அமீனா முன்கூட்டியே வந்திருந்தார். தையல் இயந்திரம் படி திரும்பும் இடத்தில் இறங்கியிருந்தது. அதன் முக்காலியில் தையல்காரம்மாவின் தந்தை போர்வைக்குள் அமர்ந்திருந்தார். அவர் ஒருமுறை இருமினார். அமீனா இரண்டு படி இறங்கினார். வீட்டு உரிமையாளர் ஒரு மாடியே இறங்கினார். கதவைப் பூட்ட வந்த கொல்லர் பூட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு தெருவுக்கே போய்விட்டார். தாங்கள் ஒருவர்தான் அந்த இருமலை நோக்கி ஏறினீர்கள்.

"நில்லுங்கம்மா, அங்கயே நில்லுங்க!" என்று அமீனா கத்தினார். "காகிதத்தைக் கீழ வச்சிட்டுத் தள்ளிப் போங்க. எங்கேருந்து வருது அது? எத்தனை கை பட்டுச்சோ!"

"என் கை ஒண்ணுதாங்க பட்டுச்சு. மூணு நாளாப் பூட்டின பெட்டியில கிடந்துச்சு. அதுதாங்க பிரச்சினையே. இந்த ஊர்ல இதைவிடச் சுத்தமான காகிதம் உங்களுக்குக் கிடைக்காது."

அமீனா குனிந்து பார்த்தார். பிறகு எடுத்தார். எந்தப் பெட்டி அந்தக் குடும்பத்தைக் கெடுக்கவிருந்ததோ, அந்தப் பெட்டியின் பேரைச் சொன்ன பிறகே அவர் விரல் காகிதத்தைத் தொட்டது. முத்திரையைப் படித்தார், தங்கள் குறிப்பைப் படித்தார், திங்கட்கிழமைத் தாளின் தேதியைப் படித்தார்; அப்படியே அதிலிருந்த இறந்தோர் பட்டியலையும் கொஞ்ச நேரம் படித்தார்.

"இப்படி எழுதிக் குடுத்தா உங்க வேலை என்னாவும்னு தெரியுமா?"

"தெரியும். அதான் நடுங்குது. நடுங்கினாலும் கையெழுத்து என்னுதுதாங்க."

கீழ்மாடியிலிருந்து வீட்டு உரிமையாளர் குரல் வந்தது. "எல்லாரும் அவங்களுக்கே பாருங்க. இந்த வாடகையிலதான் நான் மருந்து வாங்கணும். எனக்கு யாரு எழுதிக் குடுப்பா?"

"உதவிப் பணம் உங்க கைக்குத்தான் ஐயா வரும். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா நாளைக்கே அனுப்புறேன். பேனா என்னுது, துடைச்சுத்தான் குடுப்பேன்."

அமீனா வெளியேற்றும் ஆணையின் முதுகில் 'நிறுத்தி வைக்கப்பட்டது' என்று எழுதினார். தையல் இயந்திரத்தை யார் உள்ளே தூக்கி வைத்தது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அமீனா ஒரு பக்கம் பிடித்ததாக ஓட்டுநர் சொல்கிறார். அமீனா இதுவரை ஒப்புக்கொள்ளவில்லை. தாங்கள் படியிறங்கி வண்டியில் அமர்ந்து, அரைமணி நேரம் எழுந்திருக்க முடியாமல் கால் நடுங்கிக்கொண்டிருந்ததை மட்டும் இருவருமே ஒப்புக்கொள்கிறார்கள்.

அக்கா, இத்தோடு முடித்திருந்தால் இது எளிய மடல். திரும்பி வந்ததும் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தீர்கள். நூற்று முப்பத்தேழு உறைகள். ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தி, ஒவ்வொன்றின் கீழும் அந்தக் குறிப்பையே கையால் எழுதினீர்கள். அச்சடித்துத் தருகிறோம் என்றோம், "பயந்தவ நான், அச்சு இயந்திரமா பயந்துச்சு?" என்றீர்கள். மேலிடம் சும்மா இருக்குமா? தங்கள் குற்றத்துக்குச் சான்றாக, தங்கள் கையெழுத்திலேயே நூற்று முப்பத்தெட்டுச் சாட்சிகள் கிடைத்தன. விளக்கம் கேட்டார்கள், "மேலே எழுதியதே விளக்கம்" என்று எழுதினீர்கள். ஓராண்டு ஊதிய உயர்வு நின்றது. அந்த முகவரிகளில் ஒரு பூட்டும் ஏறவில்லை.

ஒன்றில் மட்டும் ஏறியிருந்தது. திங்கள் அடுக்கில் இருந்த ஓர் உறை. சுமை தூக்கும் தொழிலாளி ஒருவருடையது. அவருக்கு நாள் குறித்தது புதன்கிழமை. வியாழன் மாலையே அந்த முகவரிக்குப் போனீர்கள். புதுப் பூட்டு, வாசலில் கவிழ்ந்த ஒரு வாளி. பக்கத்துக் கதவைத் தட்டினீர்கள். திறக்காமலே ஒரு குரல், "போயிட்டாங்கம்மா. எங்கேன்னு நாங்க கேக்கல, கேக்கப் பயமா இருந்துச்சு" என்றது. அந்த உறையின்மேல் 'முடிந்தது' என்று எழுதத் தாங்கள் சம்மதிக்கவே இல்லை. அன்று முதல் நம் வாசல் வரிசையில் நிற்கும் ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்த்துவிட்டே தாங்கள் உள்ளே வருவதை நாங்கள் அறிவோம். ஏனென்று கேட்டதில்லை.

தகரப் பெட்டியின் அடியை மறுநாளே வெட்டி எடுக்கச் சொன்னீர்கள். இன்றும் அது வாசலில் நிற்கிறது. மேலே போட்ட உறை நேராகக் கீழே போட்டிருக்கும் முத்திரை மேசையில் விழுகிறது. புதிதாய் வருவோர் அதைப் பெட்டி என்று நம்ப மறுக்கிறார்கள்.

தங்கள் இடத்துக்கு வருபவரைப் பற்றி விசாரித்தோம். எதற்கும் அஞ்சாதவராம். ஒரே நாளில் நூறு கோப்பு முடிப்பவராம். படுத்ததும் தூங்கிவிடுவாராம். கேட்ட நாளிலிருந்து எங்களுக்குத் தூக்கமில்லை.

நேற்று மாலை சாவிகளை ஒப்படைத்தபோது, இழுப்பறையிலிருந்து அந்தச் சுமைக்காரரின் உறையையும் எடுத்து வைத்து, "இதை மட்டும் மூடிடாதீங்கப்பா" என்றீர்கள். மூட மாட்டோம். திங்கட்கிழமை புதியவர் நாற்காலியில் அமருமுன் அது அவர் மேசைமேல் இருக்கும். "இது என்ன?" என்று கேட்பார். பெட்டியில் தொடங்கிச் சொல்வோம். சொல்லி முடிக்கும்போது அவர் கை கொஞ்சமேனும் நடுங்கினால், தங்கள் நாற்காலி நிரம்பிவிட்டது என்று தங்களுக்குத் தொலைபேசியில் சொல்வோம். நடுங்காவிட்டால் தாங்களே ஒருமுறை வந்து போக வேண்டியிருக்கும்.

காய்ச்சலறியா உடலும், கவலை குறைந்த மனமும், பூட்டிய கதவை மூன்றாம் முறைக்குப் பிறகு இழுத்துப் பார்க்கத் தோன்றாத மாலைகளும் பெற்று, தாங்கள் நெடுங்காலம் எங்கள் கண்ணெதிரே வாழ வேண்டுமென்று, தாங்கள் தந்த நடுக்கம் தீராமலே வாழ்த்தி வணங்குகிறோம்.

தங்கள் அன்பு மறவா
வாடகை உதவிப் பிரிவு ஊழியர்கள்
(தட்டச்சர், ஓட்டுநர், ஆவண அறைக்காரர், மற்றும் காலி நாற்காலிக்குரியவர் சார்பாகவும்)

இம்மடலைச் சட்டமிட்டு மாட்டும் கம்பியை மூன்று பேர் மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டோம். விழாது, அக்கா.