வியாழக்கிழமை மடல்

யாருடைய பிறந்தநாளையும் நான் மறந்ததில்லை. பதினோராயிரத்துச் சொச்சம் பேர். பெருமைக்குச் சொல்லவில்லை அம்மா, தேதி வந்தால் கணினியே வாழ்த்தை அனுப்பிவிடும். ஆனால் வாழ்த்தை எழுதியது நான். வருடா வருடம் புதிதாக எழுதுவேன். போன வருடத்து வாழ்த்தையே திருப்பி அனுப்பினால் யாருக்குத் தெரியப்போகிறது என்பார் முதலாளி. எனக்குத் தெரியுமே என்பேன்.

நீங்கள் கேட்கிற வரிசையில் எனக்குச் சொல்ல வராது. என் வரிசையில் சொல்லிக்கொண்டு போகிறேன். வாக்குமூலம் எழுதுகிறவருக்குக் கை வலித்தால் சொல்லட்டும், நிறுத்துகிறேன். நான் எழுந்து நடந்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே இடத்தில் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை.

எங்கள் அலுவலகம் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறை. முன்னறையில் நானும் முதலாளியும். பின்னறையில் அட்டைப் பெட்டிகளும் பார்சல் கட்டுகிற பெண்ணும். காது இரைச்சல்காரர்களுக்குப் பொருள் விற்கிறோம். வெளியே ஒரு சத்தமும் இல்லாதபோது சிலருக்குக் காதுக்குள் ஓயாமல் கேட்குமே, அது. ஒருவருக்கு வண்டு, ஒருவருக்கு விசில், ஒருவருக்குத் தூரத்தில் யாரோ இரும்பு அறுப்பதுபோல. அதற்கு ஒரு சொட்டு மருந்து, மழைச் சத்தமும் அருவிச் சத்தமும் போடுகிற சின்னப் பெட்டி ஒன்று.

"நமக்குன்னு ஒரு மெயில் லிஸ்ட் வளர்க்கணும் அக்கா," என்றார் முதலாளி. என்னைவிட ஆறு வயது மூத்தவர், அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

வளர்த்தேன். காது பரிசோதனை நடக்கிற இடங்களில் சீட்டு வைத்தோம். பெயர், தொழில், பிறந்த தேதி, மின்னஞ்சல் முகவரி எழுதிப் போட்டால் ஏழு நாள் இலவச மடல். ஒரு முகவரிகூட வெளியில் விலைக்கு வாங்கியது கிடையாது. அவர்களாகக் கொடுத்தாலும், 'நீங்கள்தானா கொடுத்தது' என்று ஒரு மடல் போகும். ஆமாம் என்று அவர்கள் அழுத்தினால்தான் சேர்ப்பேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏழு நாள் முடிந்ததும் திங்களும் வியாழனும் மடல். கீழே 'உங்கள் அக்கா' என்று கையெழுத்து. பன்னிரண்டு வயதில் காய்ச்சல் வந்து போனதிலிருந்து எனக்கும் அந்தச் சத்தம் உண்டு என்று எழுதியிருந்தேன். எனக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஊசி விழுந்தால் கேட்கிற காது. ஆனால் கூட ஓர் ஆள் அவதிப்படுகிறார் என்று தெரிந்தால் மனிதர்களுக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா.

மடல் போன முதல் அரை மணி நேரம் என்னால் நாற்காலியில் இருக்க முடியாது. எத்தனை பேர் திறந்தார்கள் என்று எண் ஏறிக்கொண்டே போகும். நாற்பது, நூற்றுப் பத்து, முந்நூறு. கொஞ்சம் நின்றால் ஜன்னல் வரை போவேன், வருவேன், மறுபடி பார்ப்பேன். பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவேன். தண்ணீர் எடுக்கப் போய் டம்ளரை எங்கே வைத்தேன் என்று தேடுவேன்.

"கொஞ்சம் உட்காருங்கக்கா. நீங்க நடக்கிற நடைக்குக் கீழ கடையில கண்ணாடியெல்லாம் ஆடுதாம்," என்பாள் பார்சல் பெண்.

பட்டியலை வளர்ப்பதைவிடக் காப்பாற்றுவதுதான் பாடு. தொண்ணூறு நாள் ஒரு மடலைக்கூடத் திறக்காதவரை எடுத்துவிட வேண்டும். திறக்காதவர்களுக்கே அனுப்பிக்கொண்டிருந்தால், மின்னஞ்சல் கம்பெனிக்காரன் நம் மடல்கள் அத்தனையையும் ஸ்பாமில் தள்ளிவிடுவான். ஆசையாகத் திறக்கிறவருக்கும் போய்ச் சேராது. எடுப்பதற்கு முன்னால் கடைசியாக ஒன்று போடுவோம். 'நலமா? நான் எழுதுவது இன்னும் வேண்டுமா?'

இரண்டாம் வருடம் மாதத்துக்கு முந்நூறு பேர் அப்படிக் கழன்றுகொண்டார்கள். கோபித்துக்கொண்டு விலகினால் சமாதானப்படுத்தலாம். இவர்கள் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். ஏன் என்று எனக்கு மண்டையைக் குடைந்தது. உப்பைப் போட்டேனா என்று ஞாபகம் இல்லாமல் இரண்டு தரம் போட்டேன். மாடிப்படி ஏறும்போது படிகளை எண்ண ஆரம்பித்தேன்.

லிஃப்ட்காரரின் பதில்தான் விளங்க வைத்தது. லிஃப்ட் பழுது பார்க்கிறவர். சீட்டில் தொழில் என்ற இடத்தில் அப்படித்தான் எழுதியிருந்தார், பட்டியலிலும் எனக்கு அவர் லிஃப்ட்காரர்தான். கடைசி மடல் போன ஒரு மணி நேரத்தில் பதில் போட்டார்.

"அக்கா, மன்னிக்கணும். உங்க மெயிலத் திறந்தே மூணு மாசம் ஆகப்போகுது. காதுல சத்தம் இருக்குங்கறதே மறந்துபோச்சு. பொண்ணுகூட சீட்டு விளையாடறேன். படுத்தா தூங்கிடறேன். இன்னிக்கு உங்க மெயிலப் பார்த்தேன், ஞாபகம் வந்துச்சு, உடனே கேக்க ஆரம்பிச்சிடுச்சு. வேடிக்கையா இல்ல?"

வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளி ஒரு காது டாக்டரின் துண்டுப் பிரசுரத்தைப் படிக்கக் கொடுத்திருந்தார். மேசை இழுப்பறையில் இருந்தது, நீங்களும் எடுத்திருப்பீர்கள். 'சத்தத்தைக் கவனிக்காதீர்கள். அளக்காதீர்கள். நாளாக ஆக மனம் அதை மறந்துவிடும். அதுவே குணம்.' இன்னொரு வரியும் அதில் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

பின்னறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். பார்சல் பெண் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே சிரித்தாள். "மறந்தவன் எதுக்குக்கா பெட்டி வாங்கப்போறான்? ஊருக்கே காது சரியாப்போச்சுன்னா இந்த டேப்பை என் வாயிலதான் ஒட்டிக்கணும்."

விளையாட்டாகச் சொன்னாள். அவள்மேல் பழி போடாதீர்கள்.

நான் யோசித்தது வேறு. மறப்பது எப்படிக் குணமாகும்? சத்தம் உள்ளேதான் இருக்கிறது, அவர் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். வாசலில் நின்று ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், வீட்டுக்காரர் சீட்டு விளையாடுகிறார். கூப்பிடுகிறார்கள் என்று எடுத்துச் சொல்வது தப்பா?

அடுத்த திங்கட்கிழமை 'ஓசைக் குறிப்பு' என்று ஒன்றைத் தொடங்கினேன். காலை, மதியம், சாயங்காலம், எங்கே இருந்தாலும் ஒரு நிமிடம் கண்ணை மூடி உங்கள் சத்தத்தைத் தேடுங்கள். எவ்வளவு என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் போட்டு எனக்கு எழுதுங்கள். அதுதான் மடல்.

பதில்கள் வந்து கொட்டின. திறப்பதைவிடப் பதில் எழுதுவது பெரிது. பதில் வருகிற மடலைக் கம்பெனிக்காரன் தலையில் வைத்துக் கொண்டாடுவான். சிலர், "இன்னிக்கு ஒண்ணும் கேக்கலக்கா," என்று எழுதினார்கள். 'ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்டுப் பாருங்கள்' என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட்டேன். மறுநாள் இரண்டு என்று வரும். அடுத்த வாரம் நான்கு. அந்த மாதம் சொல்லாமல் போனவர்கள் பதினேழு பேர்தான். முதலாளி எனக்குச் சுழலும் நாற்காலி வாங்கிப் போட்டார்.

லிஃப்ட்காரரும் ஒழுங்காக எழுதினார். இரண்டு. மூன்று. மூன்று. ஐந்து. ஏழு வந்தபோது சீட்டு விளையாடுவதை விட்டுவிட்டதாக எழுதியிருந்தார். லிஃப்ட் ஓடுகிற குழிக்குள் இறங்கினால் வெளிச் சத்தம் வராது, அங்கே நின்று வேலை பார்க்க முடியவில்லை என்று மேலும் இரண்டு வாரத்தில் எழுதினார். 'தைரியமாக இருங்கள். மூன்று வேளையும் எண் போட மறக்காதீர்கள்' என்று எழுதினேன்.

பிறகுதான் அவர் மனைவி வந்தார். பகல் பதினொரு மணி. ஒரு கையில் குடை, ஒரு கையில் கணவருடைய நோட்டு.

"அக்கான்னு எழுதறது நீங்கதானா?"

"ஆமாம்மா. உட்காருங்க."

"உட்கார வரல. அவர் பேரை எடுத்துடுங்க." நோட்டைப் பிரித்து என் மேசையில் வைத்தார். பக்கம் பக்கமாக எண்கள். "சாப்பிடறதுக்கு முன்னாடி ஒண்ணு, சாப்பிட்டதும் ஒண்ணு. பாதிப் பேச்சுல எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கிறாரு, கேக்குதான்னு பார்க்கறாராம். புள்ள பேசினா, உஷ், சத்தம் போடாதேங்கறாரு. மூணு மாசம் மனுஷன் நல்லா இருந்தாருக்கா."

"எல்லாருக்கும் போற மெயில்தாம்மா அது. அவருக்குன்னு தனியா..."

"எல்லாரும் எப்படியோ போகட்டும். எனக்கு இருக்கறது இவர் ஒருத்தர்தான். இன்னும் பதினஞ்சு நாள்ல வேலைக்குப் போகலன்னா சீட்டைக் கிழிச்சிடுவாங்க. உங்க மெயில் நின்னா மறுபடி மறந்துடுவாரு. மறக்க விடுங்க அவரை."

அந்த அம்மா எதிரிலேயே பெயரை எடுத்தேன். திரையைத் திருப்பிக் காட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். பார்சல் பெண் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இத்தோட விட்டுடுங்கக்கா," என்றாள். அன்றைக்குப் பிறகு அவள் என்னிடம் கேலி பேசியதில்லை. மடல்களை அச்செடுத்து உங்களிடம் கொடுத்தது அவளாகத்தான் இருக்கும். பிரியாமல் கட்டிக் கொடுத்திருப்பாள், அதில் கெட்டிக்காரி.

விலகுகிறவருக்கு ஒரு மடல் போவது எங்கள் வழக்கம். 'உங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். தவறுதலாக நடந்திருந்தால் இங்கே அழுத்துங்கள்.' லிஃப்ட்காரருக்கு மட்டும் கீழே ஒரு வரி சேர்த்தேன். 'உங்கள் எண்கள் இல்லாமல் அக்காவுக்கு வெறிச்சென்று இருக்கிறது.' அவ்வளவுதான். ஆறு நாள் நான் இருப்புக் கொள்ளாமல் அலைந்தேன். இரண்டு எட்டு நடப்பேன், திரும்பி வந்து பார்ப்பேன். ஏழாம் நாள் அவரே அழுத்தினார். யாரும் அவர் விரலைப் பிடித்து அழுத்தவில்லை. அன்றைக்கு அவருடைய எண் ஒன்பது.

இனி நீங்கள் கேட்க வந்தது.

போன மாதம் மூன்றாவது திங்கட்கிழமை, மடல் போன பத்து நிமிடத்தில் அவரிடமிருந்து பதில். எண் இல்லை. ஒரு கேள்வி. "அக்கா, காதையே இல்லாமப் பண்ணிட்டா இது நின்னுடுமா? டூல்ஸ் எல்லாம் வீட்டுலதான் இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

பிரசுரத்தில் இருக்கிற இன்னொரு வரியைச் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். 'காது முழுதும் கேளாமல் போனாலும் இந்தச் சத்தம் நிற்காது, ஏனென்றால் இது காதில் இல்லை.' எனக்கு மனப்பாடம். 'நிற்காது. காதைத் தொடாதீர்கள்' என்று தட்டினேன். மூன்றே சொல்.

அனுப்பவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு கேள்விக்கு அப்போதே பதில் சொல்லிவிடக் கூடாது அம்மா. சொல்லிவிட்டால் ஆள் போய்விடுவார். பாதியில் நிறுத்தி, மீதி அடுத்த மடலில் என்றால் காத்திருந்து திறப்பார். சற்றுமுன் நீங்களும் அந்த இன்னொரு வரிக்காகக் காத்திருந்தீர்கள், முகத்தில் தெரிந்தது. தட்டியதை அழித்துவிட்டு இப்படி எழுதினேன். 'மிக முக்கியமான கேள்வி. இதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. வியாழக்கிழமை மடலில் சொல்கிறேன்.'

அவர் அதைத் திறந்தார். அன்றும் மறுநாளும் சேர்த்துப் பதினான்கு முறை திறந்தார். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். டூல்ஸ் என்ற சொல்லை நான் நான்கு தரம் படித்தேன். தெரிந்துதான் பேசாமல் இருந்தேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், மாற்ற வேண்டாம்.

புதன்கிழமை மத்தியானம் நடந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, இரண்டு காதும் போய்விட்டது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். மகள் கூப்பிட்டால் இனிக் கேட்காது. அந்தச் சத்தம் மட்டும் கேட்கும், வேறு சத்தம் எதுவும் குறுக்கே வராமல்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? இங்கேயா. போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கலாமா அம்மா. வியாழக்கிழமை சொல்கிறேன் என்று சொன்ன பதிலை அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. ஒருவரை நடுவழியில் அப்படி விட்டுவிட்டுப் போகிறவள் இல்லை நான். அந்தக் குடும்பத்தில் அவருக்கு எழுத வேறு யார் இருக்கிறார்கள்?

அவருக்குக் கண் நன்றாகத்தானே இருக்கிறது?