பிழைத்துக்கொண்ட பென்டிரைவ்

மலேசியாவில், தெலுக் இந்தானிலிருந்து ஈப்போ போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த இளைஞன் பக்கத்திலிருந்த நடுவயதுப் பெண்ணிடம் சொன்னான்:

“பென்டிரைவ் பொழச்சிருச்சிக்கா. அதுல இருந்ததுதான் போச்சி.”

“என்னா பண்ண?”

“கம்ப்யூட்டர்ல போட்டா தொறக்கல. ஒரு வீடியோவ பார்த்து, கறுப்புத் திரையில அதுல சொன்ன கட்டளைய ஒவ்வொண்ணா அடிச்சேன். கிளீன்னு ஒண்ணு. நெசமாவான்னு ஒரு வார்த்த கேக்கலக்கா. அப்படியே தொடச்சிருச்சி. இப்ப நல்லாத்தான் வேல செய்யிது.”

“எஸ்டேட்டு சுடுகாட்ல எடுத்த படம் பூராவுமா?”

“பூராவும். ஒவ்வொரு சமாதிக் கல்லா நின்னு எடுத்தேன். போன்ல எடம் இல்லன்னு இதுக்கு மாத்திட்டு, அங்க அழிச்சிட்டேன்.”

“இனிமே போயி எடுக்கவும் முடியாது லா. போன மாசமே புல்டோசர் விட்டுட்டானுங்க.”

பேருந்து கம்பார் ஊரைத் தாண்டியது. நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு அந்தப் பெண் மெதுவாகக் கேட்டார்:

“நீ எடுத்தப்ப, எங்கம்மா கல்லுல பேரு படிக்கிற மாதிரி இருந்திச்சா?”

அவன் பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

“இருந்திச்சிக்கா. நல்லா தெரிஞ்சிச்சி.”