எழும்பு என்று கத்திய தொண்டைகள்

அவைக்கு அழகும் அமைதியும் சேர்த்து வீற்றிருக்கும் தலைவர், ஒரு காலத்தில் எங்கள் உதைபந்தாட்ட அணியின் கேப்டனாக நின்று எதிரணியைக் கலங்கடித்த நல்லையா அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! கடையை நேரத்தோடு சாத்திவிட்டு வந்திருக்கும் முஸ்லிம் அண்ணன்மார்களே, எங்கள் நானாமார்களே! அலுவிகாரையிலிருந்து இந்த அடைமழையில் குடை பிடித்து நடந்துவந்த அன்பர்களே! தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பந்து எங்கே உருண்டாலும் பின்னாலேயே ஓடிவரும் என் அருமை ரசிகப் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம், அன்பான ஸலாம்.

என் பெயர் இராசமாணிக்கம். மாத்தளை ரயில் நிலையத்தில் போர்ட்டர். இருபத்திரண்டு வருடமாக மூட்டை சுமந்த தோள் இது. மேடையில் பேசிப் பழக்கமில்லை. மைதானத்து ஓரத்தில் நின்று கத்திப் பழக்கமுண்டு. என்ன சிரிக்கிறீர்கள்? என் தொண்டை லக்கல மலை வரைக்கும் கேட்கும் என்று நீங்கள்தானே சொல்வீர்கள்? அந்தத் தொண்டையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இந்த 1938ஆம் ஆண்டுக் கூட்டத்தில், நம் கழகத்தின் முன் ஒரு தீர்மானம் வைக்கப்பட்டிருக்கிறது. ஆட்டத்தில் தலையில் அடிபட்டவர் அன்றைக்கு மறுபடி மைதானத்தில் இறங்கக்கூடாது. மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா சரி என்று சொல்லும்வரை அடுத்த ஆட்டத்திலும் இறங்கக்கூடாது. இவ்வளவுதான் தீர்மானம். இதைக் கேட்டுச் சற்று முன் ஒரு தம்பி, “இது என்னாங்க, பஞ்சு மெத்தையில ஆடுற ஆட்டமா?” என்று கேட்டார். தம்பி, நல்ல கேள்வி. பத்து வருடத்துக்கு முன் நானும் அதே கேள்வியைக் கேட்டவன்தான். அதற்கு எனக்குக் கிடைத்த பதிலை உங்களுக்குச் சொல்கிறேன்.

அன்பர்களே! அந்தக் காலத்து மாரியை நினைத்துப் பார்க்கிறேன். முகில் இறங்கி மலையை மூடும். மைதானம் குளமாகும். கோல் கம்பத்தில் கொக்கு வந்து உட்காரும். மூன்று மாதம் ஆட்டமில்லை. ஆட்டமில்லாவிட்டால் பேச்சும் இல்லையா? பேச்சுக்கு அதுதானே பருவம்! திருகோணமலை வீதியில் ஜுனைதீன் நானாவின் தேநீர்க் கடையில் நாங்கள் உட்கார ஒரு நீள வாங்கு. மாலை ரயில் வந்ததும் கார்டிடம் கண்டிச் செய்தியை வாங்கிக்கொண்டு நான் ஓடுவேன். வாங்கே எனக்காகக் காத்திருக்கும்.

“என்னா மாணிக்கம், புதினம் உண்டா?”

“கண்டிக்காரங்களோட கோல்கீப்பர் கொழும்புக்குப் போறானாம். துறைமுகத்துல வேலையாம்.”

“அப்ப நமக்கு ரெண்டு கோல் நிச்சயம்!”

“பொறுங்க. புதுசா ஒருத்தன் வர்றானாம். ஆறடி உசரமாம்.”

உடனே மேசைமேல் ஆட்டம் தொடங்கும். சீனிப் போத்தல் அந்த ஆறடிக் கோல்கீப்பர். தீப்பெட்டி நம் நல்லையா. தலைவர் அவர்கள் கோபிக்கக்கூடாது. அந்த நாளில் அவர் தீப்பெட்டி போலத்தான் இருந்தார், உரசினால் பற்றிக்கொள்வார்! நடுவில் வைக்கும் பெரிய பணிஸ் ரொட்டி மட்டும் எப்போதும் ஒரே ஆளுக்குத்தான். அந்த ஆள் ஸக்கரியா.

ஸக்கரியாவின் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்குங்கள். ஆகா, பாதி மண்டபம்! பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கொக்கோக் களஞ்சியத்தில் மூட்டை ஏற்றும் தொழிலாளி. உடம்பு உலக்கை போல. மனசு வெல்லம் போல. பந்து வானத்தில் வந்தால், ஊரே நிமிர்ந்து பார்க்கும்போது அவர் மட்டும் எழும்பிப் போய் நெற்றியால் முட்டுவார். அந்தப் பந்து என்ன பந்து தெரியுமா? வாயை நாடா போட்டு இறுக்கிய தடித்த தோல் பந்து. மழையில் நனைந்தால் பலாப்பழத்தின் பாரம். அதை நெற்றியால் அடித்து வலையில் போடுவார். நாங்கள் தொப்பியையும் துண்டையும் மேலே எறிவோம். அந்த நெற்றிக்குள் என்ன நடக்கிறது என்று எங்களில் ஒருவராவது யோசித்தோமா? யோசிக்கவில்லை, ஐயா. யோசிக்கவே இல்லை.

1928ஆம் ஆண்டு. மாரிக்கு முன் கடைசி ஆட்டம். கண்டி அணி வந்திருக்கிறது. நமக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று. ஆட்டம் முடியக் கால் மணி நேரம். மூலையிலிருந்து பந்து உயர்ந்து வருகிறது. ஸக்கரியா எழும்புகிறார், கண்டிக்காரர் ஒருவரும் எழும்புகிறார். தலையும் தலையும் மோதின. தேங்காயைக் கல்லில் அடித்தது போல் ஒரு சத்தம். கண்டிக்காரர் உட்கார்ந்துவிட்டார். ஸக்கரியா குப்புற விழுந்தார். முகம் சேற்றுக்குள். அசைவில்லை.

மைதானம் மூச்சடங்கிப் போயிற்று. அந்த மௌனத்தை உடைத்தது யார்? நான். மாத்தளைக்கே கேட்கும் இந்தத் தொண்டை! “எழும்பு ஸக்கரியா! எழும்பு!” என்றேன். என்னைத் தொடர்ந்து நூறு தொண்டை, இருநூறு தொண்டை, நானூறு தொண்டை. “எழும்பு! எழும்பு! எழும்பு!”

எழும்பினார். நாங்கள் ஆனந்தக் கூத்தாடினோம். அவர் தள்ளாடி நடந்து நம் கோலைப் பார்த்தே திரும்பி நின்றார். நல்லையா அவர் தோளைப் பிடித்து மறுபக்கம் திருப்பிவிட்டார். அதையும் வேடிக்கை என்று சிரித்தோம். கடைசி நிமிடத்தில் பந்து அவர் காலடிக்கு வந்தது. உதைத்தார். கோல்! வெற்றி! கொட்டும் மேளமுமாக ஊர்வலம். அவரைச் சுமந்தது என் தோள். தெருமுனையில் அவர் குனிந்து என் காதில் கேட்டார்: “மாணிக்கம், மேட்ச் எத்தினை மணிக்கு?”

நான் என்ன செய்தேன் தெரியுமா? விழுந்து விழுந்து சிரித்தேன். கோல் போட்டவர் பகிடி பேசுகிறார் என்று ஊருக்கெல்லாம் சொன்னேன்.

மழை தொடங்கியது. வாங்கும் நிறைந்தது. ஸக்கரியாவும் தினமும் வருவார். வெளிச்சத்தைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்வார். தேநீரைக் குடித்துவிட்டு, “எனக்குத் தேத்தண்ணி வரல்லியே நானா” என்பார். ஜுனைதீன் நானாவும் இன்னொரு கிளாஸ் வைப்பார். நாங்கள் என்ன பேசிக்கொண்டிருந்தோம்? குருநாகலில் யாருக்குக் கல்யாணம், கொழும்புக்கு யார் போகிறார், தை மாதப் போட்டியின் வெற்றிக் கேடயம் யாருக்கு. கண்டியில் ஒருவன் காலில் முள் குத்தினால் எங்களுக்குத் தெரியும். எங்கள் வாங்கில் உட்கார்ந்திருந்தவருக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை!

ஒரு நாள் பகல். கடை வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். தலையை முக்காட்டால் மூடி, கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி. ஸக்கரியாவின் மனைவி றாபியா. ஆண்கள் கூடும் கடைக்கு அப்படி யாரும் வந்து நாங்கள் பார்த்ததில்லை. ஜுனைதீன் நானா பதறி எழுந்தார்.

“உள்ளுக்கு வாங்க தங்கச்சி, நனையாதீங்க.”

“வேணாம் நானா. நான் ஒரு சொல்லுச் சொல்லத்தான் வந்தேன். அவரு ராவு முழுக்கத் தலையப் பிடிச்சிக்கிட்டு இருக்காரு. சாப்பிட்டது தங்குறல்ல. நேத்து இந்தப் பிள்ளையப் பாத்து, ‘இது யார்ட பிள்ள’ண்டு கேட்டாரு. எண்ட பிள்ள அழுதிச்சு. நீங்க எல்லாரும் அவருட பேரச் சொல்லிக் கத்துறீங்க. அவருக்கு அவருட மகள்ட பேரு தெரியல்ல.”

யார் முகத்தையும் பார்க்காமல் திரும்பி நடந்தார். மேசைமேல் சீனிப் போத்தல் இருந்தது, தீப்பெட்டி இருந்தது, பணிஸ் இருந்தது. எடுத்து வைக்க யாருக்கும் கை வரவில்லை.

அன்றே டிஸ்பென்சர் ஐயாவிடம் கூட்டிப்போனோம். அவர் கண்ணைப் பார்த்தார், கோட்டில் நடக்கச் சொன்னார், கிழமை கேட்டார். பிறகு எங்களிடம் சொன்னார்: “மண்டைக்குள்ள அடி. ஆறணும். ஒரு வருஷத்துக்குப் பந்தும் வேணாம், மூட்டையும் வேணாம். இன்னொரு அடி விழுந்தா ஆள் இருக்க மாட்டார்.”

அதோடு கதை முடிந்தது என்று நினைக்கிறீர்களா? இல்லை, தாய்மார்களே! ஆசை அவ்வளவு எளிதில் அடங்குமா? தை நெருங்கியது. கண்டியோடு கேடயத்துக்கான ஆட்டம் நெருங்கியது. கொஞ்சம் தெளிந்த ஸக்கரியா, “எனக்கு ஒண்டும் இல்ல, நான் எறங்குவேன்” என்று நின்றார். கேப்டன் நல்லையா, “ஒரே ஒரு ஆட்டம்தானே” என்றார். தலைவர் தலையாட்டுகிறார், உண்மையை ஒப்புக்கொள்ளும் உயர்ந்த மனசு அவருக்கு. நான் மட்டும் யோக்கியனா? “ஆமா, ஒரே ஒரு ஆட்டம்தானே” என்று நானும்தான் சொன்னேன்! றாபியாவின் சொல்லைக் கேட்ட இதே காதோடு சொன்னேன்!

ஆட்ட நாள் வந்தது. வெயில். அலைமோதும் கூட்டம். அணி வரிசையாக வந்தது. ஏழாவது ஆளாக ஸக்கரியா. கோட்டருகே வந்தவர், வெயிலுக்குக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றார். நம் பக்கம் எது என்று தேடினார். அந்தத் தேடலைப் பார்த்தேன், ஐயா. என்னையும் அறியாமல் தொண்டை திறந்தது.

“உக்காரு ஸக்கரியா! உக்காரு!”

பக்கத்திலிருந்தவர் என்னைப் பைத்தியக்காரனைப் போல் பார்த்தார். மறுபடி கத்தினேன். ஜுனைதீன் நானா சேர்ந்தார். வாங்கில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சேர்ந்தார்கள். பிறகு காரணம் தெரியாதவர்களும் சேர்ந்தார்கள். “உக்காரு! உக்காரு!” நடுவர் ஊதலை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்க்கிறார். கண்டிக்காரர்கள் திகைத்து நிற்கிறார்கள். ஸக்கரியாவின் முகம் சிவந்தது. “ஏண்டா, எண்ட ஊரே என்னை வேணாம்ங்குதா?” என்று எங்களைப் பார்த்துக் கூவினார். கத்திய எங்களில் பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தோம்.

அப்போது நல்லையா நடுமைதானத்திலிருந்து நடந்து வந்தார். ஸக்கரியாவின் இரண்டு கையையும் பிடித்தார். “நான்தான் தப்பா முடிவெடுத்துட்டேன். கேப்டன் சொல்றேன், உக்காரு மச்சான்” என்றார். வேறொருவர் இறங்கினார்.

முடிவு என்ன என்று கேட்கிறீர்களா? மூன்றுக்குப் பூச்சியம். தோற்றோம்! கேடயம் கண்டி ரயிலேறியது. அந்தக் கேடயப் பெட்டியைத் தூக்கி வைத்தவனும் நான்தான், போர்ட்டர் அல்லவா?

ஸக்கரியா எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. ஸ்டேஷன் வழியாகப் போவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். மூட்டையை விட்டு, களஞ்சியத்தில் மிளகு தரம் பிரிக்கும் வேலைக்கு மாறினார். அவர் திட்டட்டும், உயிரோடு இருந்து என்னைத் திட்டினால் போதும் என்று இருந்தேன். ஒருநாள் காலை, குருநாகலில் மாமியார் வீட்டுக்குப் போக மகளோடு ரயில் மேடைக்கு வந்தார். என்னைக் கண்டதும் நின்றார். நான் தலை குனிந்தேன். அவர் குழந்தையை முன்னால் நகர்த்திச் சொன்னார்: “கைறுன்னிஸா, மாமாக்கு ஸலாம் சொல்லு.”

பெயரைச் சொன்னார், அன்பர்களே! மகளின் பெயரைத் தடுமாறாமல், தயங்காமல், முழுதாகச் சொன்னார்! நான் மூட்டையைப் போட்டுவிட்டு அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். ரயில் ஊதியதுகூடக் கேட்கவில்லை.

தலையில் அடிபட்ட அன்று போட்ட கோல் மட்டும் அவர் நினைவுக்கு வரவேயில்லை. மாரிக்கு மாரி வாங்கில் உட்கார்ந்து நாங்கள் சொல்லிக் கொடுப்போம். ஒருவர் வலது கால் என்பார், ஒருவர் இடது கால் என்பார், ஒருவர் தலை என்றே சத்தியம் செய்வார். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “நல்ல கோல்தான் போல” என்று சிரிப்பார்.

யார் அது மூன்றாவது வரிசையில் எழுந்து நிற்பது? ஸக்கரியா நானாவா! என்ன சொல்கிறீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள். “நான் எறங்கியிருந்தா ஜெயிச்சிருப்போம்” என்கிறீர்களா? ஜெயித்திருப்போம்! யார் மறுத்தது? கேடயம் இதே மண்டபத்துச் சுவரில் தொங்கியிருக்கும். ஆனால் நானா, இப்படி எழுந்து நின்று என்னோடு சண்டை பிடிக்க யார் இருந்திருப்பார்? கேடயம் பிடிக்குமா சண்டை? கேடயம் கூட்டிப் போகுமா கைறுன்னிஸாவைப் பள்ளிக்கூடத்துக்கு? உட்காருங்கள், உட்காருங்கள்! பத்து வருடத்தில் இப்போதுதான் சொன்னதும் உட்கார்ந்திருக்கிறார்!

பெருமக்களே, போன மாத ஆட்டத்தில் நம் மாடசாமிக்கு நெற்றியில் அடி. அவரும் எழும்பினார், ஆடினார். இன்று அவருக்கு ஒற்றைத் தலைவலி. தை ஆட்டத்தில் இறங்குவேன் என்கிறார். வீரன் அப்படித்தான் சொல்வான். சொல்லாவிட்டால் அவன் வீரனா? ஆகவே முடிவை அடிபட்டவனிடம் விடாதீர்கள். கேடயத்துக்கு ஏங்கும் கேப்டனிடம் விடாதீர்கள். கத்திப் பழகிய என் போன்றவனிடமும் விடாதீர்கள். விதியாக எழுதுங்கள்! எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்! அவன் காலுக்காகவும் தலைக்காகவும் மட்டுமா அவனை நேசிக்கிறோம்? அவன் வீட்டில் அவனுக்காகச் சோறு வைத்துக் காத்திருப்பவர்களை நினைத்துக் கை தூக்குங்கள்.

தலைவர் அவர்களே, எண்ணிப் பாருங்கள். தாய்மார்கள் இரண்டு கையையும் தூக்கியிருக்கிறார்கள். அதை இரண்டாகவே எண்ணுங்கள்!

மாடசாமி தம்பி, சுவரோரம் தனியாக நிற்காதே. தை ஆட்டத்தன்று ரசிகர் வாங்கில் வந்து உட்கார். நடுவரைத் திட்டுவது எப்படி என்று சொல்லித் தருகிறேன். அதுவும் ஓர் ஆட்டம்தான். ரசிகர்களே, கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விடுங்கள்.

பொறுமையாய்க் கேட்ட உங்கள் செவிகளுக்கும், பேச இடம் தந்த தலைவருக்கும், திட்டுவதற்காகவே வந்திருக்கும் ஸக்கரியா நானாவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. மழை விடவில்லை, சேர்ந்தே நடந்து, நலமாய் வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.