பேர் போடாமல்

பேருந்து ஓமந்தையைத் தாண்டும்போது முன்னிருக்கைப் பெண் தோழியிடம் சொன்னாள்:

"செத்த பிள்ளையின்ர பேரையும் வெளியில குடுக்கப் பயப்பிடுறா, எங்களோட வேலை செய்த சுதன்ர அம்மா."

"எதுக்குப் பேர்?"

"அவன் எழுதின கம்ப்யூட்டர் டூலுக்கு. டேட்டா நிக்காமல் வந்துகொண்டிருக்கிற புரோகிராமுகளில, ஓட விட முதல், பில்ட் பண்ணி ஆயத்தப்படுத்தேக்கையே பிழை பிடிக்கும். ஓப்பன் சோர்ஸா விடுறம், ஆரும் எடுத்துப் பாவிக்கலாம். எழுதினவன்ர பேரைப் போடட்டோ எண்டு கேட்டனான்."

"என்ன சொன்னவா?"

"'சண்டை முடிஞ்சு வரேக்க அவன்ர அப்பா இந்த ஓமந்தையில ஆமிச் செக்பொயின்றில பேர் குடுத்தவர். பிறகு ஆளைக் காணேல்லை. பிள்ளையின்ர பேரைக் குடுக்காதைங்கோ' எண்டவா."

"அவன்தான் இல்லையே."

"அதையும் சொன்னனான். 'தெரியும் பிள்ளை. எண்டாலும் குடுக்காதைங்கோ' எண்டவா."